பல் 111, அகலம் 19 மி.மீ.: இரண்டு டைமிங் பெல்ட்டுக்கும் இதே கணக்கு. என் பழைய காருக்கு உரியது எது?

கேட்பவர்: மூன்றாம்கை

வணக்கம். என்னிடம் இருப்பது 1991இல் முதன்முதலாகப் பதிவு செய்யப்பட்ட, நான்கு சிலிண்டர், 1.6 லிட்டர், ஒற்றைக் கேம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு) கொண்ட பெட்ரோல் கார். இரண்டு பேர் ஓட்டிய பிறகு என் கைக்கு வந்தது. முந்தைய உரிமையாளர் கொடுத்த காகிதக் கட்டில் ஆயில் மாற்றியதற்கும் பிரேக் பார்த்ததற்கும் ரசீதுகள் இருக்கின்றனவே தவிர, பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க்ஷாஃப்ட்டிலிருந்து கேம்ஷாஃப்ட்டுக்குச் சுழற்சியைக் கொண்டுசெல்லும் பல் வைத்த ரப்பர் பட்டையான டைமிங் பெல்ட் மாற்றியதற்கு ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. எப்போது மாற்றினார்கள் என்று தெரியாத பெல்ட்டை நம்பி ஓட்ட மனம் ஒப்பவில்லை. ஆகவே மாற்றிவிடலாம் என்று முடிவு செய்து, மேல் மூடியைக் கழற்றிப் பார்த்தேன். பெல்ட் பார்வைக்கு நன்றாகவே இருக்கிறது. வெடிப்பு இல்லை, ஓரம் பிசிறவில்லை, கண்ணுக்குத் தெரிந்த வரையில் ஒரு பல்லும் உதிரவில்லை.

சிக்கல் புதிய பெல்ட்டை வாங்கப் போனபோதுதான் தொடங்கியது. இந்தக் கார், இந்த ஆண்டு என்று சொன்னால் உதிரிபாகப் பட்டியலில் இரண்டு பெல்ட்டுகள் வருகின்றன. ஒன்றின் குறியீடு 111 இசட்ஏ 19, மற்றொன்றின் குறியீடு 111 இசட்எச் 19. இரண்டிலும் 111 பற்கள், இரண்டின் அகலமும் 19 மி.மீ., இரண்டின் நீளமும் 1057 மி.மீ. விற்பவர், “பல்லும் அகலமும் ஒன்றாக இருந்தால் எதைப் போட்டாலும் ஓடும்” என்கிறார். இன்னொருவர் நீளத்தை மட்டும் கேட்டுவிட்டு, 132 பற்கள் கொண்ட 1056 மி.மீ. பெல்ட் ஒன்றை எடுத்து வைத்து, “ஒரு மில்லிமீட்டர்தானே குறைகிறது” என்று சமாதானம் சொன்னார். என் காரில் இருக்கும் பெல்ட்டின் முதுகில் அச்சிட்ட எழுத்துகள் தேய்ந்துபோய், கடைசியில் உள்ள 19 மட்டுமே படிக்க முடிகிறது.

காரின் பெயரை வேண்டுமென்றேதான் குறிப்பிடவில்லை. பெயரைச் சொல்லிக் கேட்ட இடங்களிலெல்லாம் எனக்கு ஒரு பெல்ட் எண் கிடைத்தது. ஆனால் ஓரிடத்தில் கிடைத்த எண் மற்றோரிடத்தில் கிடைக்கவில்லை. எனக்கு வேண்டியது எண் அன்று. கையில் இருக்கும் இன்ஜினைப் பார்த்து, இதுதான் என்று நானே உறுதி செய்துகொள்ளும் வழியைச் சொல்லுங்கள்.

பதில்: திருகுசாவி

பெயரைச் சொல்லாமல் கேட்டது நல்லது. பழைய காரைப் பொறுத்தவரை பெயரும் ஆண்டும் சேர்ந்து பெல்ட்டைத் தீர்மானிப்பதில்லை, இன்ஜின்தான் தீர்மானிக்கிறது. 1991 என்பது உங்கள் கார் பதிவு செய்யப்பட்ட ஆண்டு. அது 1990இன் இறுதியில் உற்பத்தியாகி, சில மாதங்கள் விற்பனையாகாமல் நின்றிருக்கலாம். உற்பத்தியாளர்களும் ஜனவரி முதல் தேதிக்காகக் காத்திருந்து மாற்றங்களைச் செய்வதில்லை. ஒரு குறிப்பிட்ட சேஸிஸ் எண் வரையில் ஒரு வகை, அதற்கு அடுத்த எண்ணிலிருந்து வேறு வகை என்று ஆண்டின் நடுவிலேயே மாற்றிவிடுவார்கள். பட்டியலில் இரண்டு பெல்ட்டுகள் வருவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். அச்சிட்ட பழைய உதிரிபாகப் புத்தகம் கிடைத்தால், பெல்ட்டின் பெயருக்கு எதிரே “இந்த எண் வரை”, “இந்த எண் முதல்” என்று சிறிய எழுத்தில் குறித்திருப்பதைப் பார்க்கலாம். கணினியில் தேடும்போது அந்தச் சிறிய எழுத்துதான் முதலில் காணாமல் போகிறது.

ஆகவே முதலில் இன்ஜின் எண்ணைப் படியுங்கள். பதிவு ஆவணத்தில் எழுதியிருப்பதையோ, பானெட்டின் உட்புறத்தில் ஒட்டியிருக்கும் வில்லையையோ நம்பி நின்றுவிடாமல், சிலிண்டர் பிளாக்கிலேயே கொத்தப்பட்டிருக்கும் எண்ணைப் பார்க்க வேண்டும். அது பெரும்பாலும் பிளாக்கும் ஹெட்டும் சேரும் விளிம்புக்குச் சற்றுக் கீழே, அல்லது கியர்பாக்ஸ் இணையும் பக்கத்தில், இழைத்துத் தட்டையாக்கிய ஒரு சிறு பரப்பில் இருக்கும். முப்பது ஆண்டு அழுக்கு அதன்மேல் தார்போல் படிந்திருக்கும். சுரண்டாமல், மண்ணெண்ணெயில் நனைத்த துணியைச் சிறிது நேரம் வைத்து ஊறவிட்டுத் துடைத்தால் எழுத்துகள் வந்துவிடும். எண்ணின் முற்பகுதியில் உள்ள எழுத்துகள்தாம் இன்ஜின் வகையைச் சொல்லும். பின்னால் வருவது வரிசை எண்.

இவ்வளவு வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. இந்த வயதுக் கார்களில் இன்ஜினே மாற்றப்பட்டிருப்பது அபூர்வமன்று. பழைய இன்ஜின் புகை கக்கத் தொடங்கியதும், அதே குடும்பத்தைச் சேர்ந்த பிந்தைய காரின் இன்ஜினை எடுத்துப் பொருத்திவிடுவார்கள். மவுண்டுகள் ஒத்துப்போகும், கார் ஓடும், ஆவணத்தில் மட்டும் பழைய எண் நிற்கும். அப்படிப்பட்ட காருக்குச் சேஸிஸ் எண்ணைக் கொண்டு எவ்வளவு கவனமாகத் தேடினாலும் தவறான பெல்ட்தான் கிடைக்கும்.

“பார்வைக்கு நன்றாகவே இருக்கிறது” என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் பற்றியும் ஒரு சொல். வெடிப்பைப் பார்த்து மாற்றும் பழக்கம் குளோரோப்ரீன் ரப்பரில் பெல்ட் செய்த காலத்தில் உருவானது. அந்த ரப்பர் சூட்டில் இறுகி, முதுகில் குறுக்குக் கோடுகளாக வெடித்து, தன் முதுமையைத் தானே காட்டிக்கொடுத்துவிடும். பின்னாளில் வந்த ஹைட்ரஜனேற்றிய நைட்ரைல் ரப்பர் சூட்டை நன்றாகத் தாங்கும். அதன் முதுகு கடைசி நாள் வரையில் வழவழப்பாகவே இருக்கக்கூடும். உள்ளே இழுவிசையைத் தாங்கும் கண்ணாடி இழை நாண்கள் களைத்துப்போயிருப்பதோ, பல்லின் வேர் கிழியத் தொடங்கியிருப்பதோ வெளியே தெரியாது. ஆகையால் முதுகைப் பார்த்து ஆயுளைக் கணிக்க வேண்டாம்.

பெல்ட் மாற்றும் வரையில் வண்டியை எடுக்காமல் இருப்பதே நல்லது. உங்கள் இன்ஜினில் வால்வின் பாதையும் பிஸ்டனின் பாதையும் ஒன்றையொன்று வெட்டுமா என்பதைப் பழுதுபார்ப்புக் கையேடு சொல்லும். வெட்டும் வகையாக இருந்தால், பெல்ட் அறுந்த நொடியில் கேம்ஷாஃப்ட் நின்றுவிட, திறந்தபடி நிற்கும் வால்வுகளின்மேல் பிஸ்டன் வந்து மோதும். வெட்டாத வகையாக இருந்தால் வண்டி நின்றுபோவதோடு விஷயம் முடியும். தெரியாத நிலையில் வெட்டும் வகை என்றே எண்ணி நடந்துகொள்ளுங்கள்.

பதில்: பற்சக்கரம்

திருகுசாவி சொன்ன வழியில் இன்ஜின் எண்ணைப் படித்தால் பாதித் தூரம் வந்துவிடுவீர்கள். மீதித் தூரம் அந்த மூன்று பெல்ட்டுகளின் குறியீட்டிலேயே இருக்கிறது. கார் பெல்ட்டுகளுக்கான ஐ.எஸ்.ஓ. 9010 முறையில் முதல் எண் பற்களின் எண்ணிக்கை, கடைசி எண் மில்லிமீட்டரில் அகலம், நடுவில் உள்ள இரண்டு எழுத்துகள் பல்லிடைத் தூரமும் பல்லின் வடிவமும். இசட் என்று தொடங்கினால் ஒரு பல்லின் நடுவிலிருந்து அடுத்த பல்லின் நடு வரை 9.525 மி.மீ., அதாவது ஓர் அங்குலத்தில் எட்டில் மூன்று பங்கு. ஒய் என்று தொடங்கினால் 8 மி.மீ. இரண்டாம் எழுத்துத்தான் வடிவம். ஏ, பி என்பன சரிவான நேர்ப்பக்கங்களும் தட்டையான தலையும் கொண்ட பற்கள். எச், ஆர், எஸ், யூ ஆகியவை வளைந்த பக்கங்கள் கொண்டவை. பெல்ட் தயாரிப்பாளர்கள் தங்களுக்கென்று வேறு எண்களையும் வைத்திருப்பார்கள். அவை அவரவர் பட்டியலுக்கு மட்டும் உதவும்.

இப்போது அந்த 132 பல் பெல்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 132ஐ 8ஆல் பெருக்கினால் 1056. உங்கள் 111ஐ 9.525ஆல் பெருக்கினால் 1057.3. நீளம் கிட்டத்தட்ட ஒன்றாக வருவது தற்செயல்தானே ஒழிய உறவு அன்று. அதை மாட்டப் போனால் மூன்றாவது நான்காவது பல்லிலேயே புல்லியின் பள்ளத்தைவிட்டு ஏறிக்கொள்ளும் என்பதால், அந்தத் தவறு நடக்க வாய்ப்பில்லை. பல்லிடைத் தூரத்தை அளக்க ஒரு பல்லை மட்டும் அளக்காதீர்கள். ஒரு பல்லின் விளிம்பில் தொடங்கி, பத்துப் பற்கள் தள்ளி உள்ள பல்லின் அதே பக்க விளிம்பு வரை சாதாரண அளவுகோலால் அளவெடுத்தால் போதும். 95 மி.மீ.க்குச் சற்று மேல் வந்தால் அது இசட், 80 வந்தால் ஒய். பதினைந்து மில்லிமீட்டர் வேறுபாட்டை யாரும் தவறவிட முடியாது.

உண்மையான ஆபத்து மற்ற இரண்டிலும்தான். பல்லிடைத் தூரம் ஒன்று, எண்ணிக்கை ஒன்று, அகலம் ஒன்று. ஆகவே எதை எடுத்தாலும் மாட்ட வரும், இழுத்துக் கட்ட வரும், குறிகளும் பொருந்தும், இன்ஜினும் ஓடும். விற்பவர் “ஓடும்” என்று சொன்னது பொய்யில்லை. எவ்வளவு காலம் ஓடும் என்பதைத்தான் அவர் சொல்லவில்லை. வளைந்த பல் உயரமானது. அதைத் தட்டைத் தலைப் பற்களுக்கான ஆழமில்லாத பள்ளத்தில் வைத்தால், பல்லின் நுனி தரை தட்டி, பெல்ட்டின் உடல் புல்லியின் மேற்பரப்பைத் தொடாமல் தூக்கியே நிற்கும். இசட்ஏ பெல்ட்டை வளைந்த பள்ளத்தில் வைத்தால் நிலைமை இதற்கு நேர்மாறு. பள்ளம் பெரிது, பல் சிறிது, இருபுறமும் இடைவெளி. பளு முழுவதும் பல்லின் ஒரு மூலையில் விழுவதால், வேரில் கிழிசல் தொடங்கிப் பற்கள் வரிசையாகப் பிய்ந்து போகும்.

பெல்ட்டால் இயங்கும் கேம்ஷாஃப்ட்டுடன் 1960களின் தொடக்கத்தில் ஜெர்மனியில் வந்த கிளாஸ் 1004 காலத்தில் இந்தக் குழப்பத்துக்கு இடமில்லை. அன்று பல் என்றால் தட்டைத் தலைப் பல்தான். 1970களில் வளைந்த பல் வந்து, படிப்படியாகக் கார் இன்ஜின்களுக்குள் நுழைந்தது. பல உற்பத்தியாளர்கள் பல்லிடைத் தூரத்தை மாற்றாமல் வடிவத்தை மட்டும் மாற்றியதால்தான், உங்களைப்போல் மாறுதல் காலத்துக் கார் வைத்திருப்பவர்கள் இப்படித் திண்டாட நேர்கிறது.

ஆகவே கடைசித் தீர்ப்பைப் புல்லியிடம் கேளுங்கள். கேம்ஷாஃப்ட் புல்லியின் மேற்பாதியைப் பெல்ட் தழுவியிருக்கும். கீழ்ப்பாதி, இரண்டு பெல்ட் ஓட்டங்களுக்கும் நடுவே, திறந்தே இருக்கும். ஒரு கையடக்கக் கண்ணாடியையும் டார்ச் விளக்கையும் கொண்டு கீழிருந்து பாருங்கள். பள்ளத்தின் தரை தட்டையாகவும் பக்கங்கள் நேர்சரிவாகவும் இருந்தால் ஏ. கிண்ணத்தின் அடிபோல் உருண்டிருந்தால் எச். கண்ணை நம்பத் தயக்கமாக இருந்தால், குழந்தைகள் விளையாடும் மெழுகுக் களியில் ஒரு சிறு உருண்டையை எடுத்துப் பள்ளத்தில் அழுத்தி எடுங்கள். களியில் எழும் மேடுதான் உங்கள் பெல்ட்டின் பல். புதிய பெல்ட்டை அதன் அருகே வைத்து ஒப்பிட்டுவிட்டு, களியின் துணுக்கு பள்ளத்தில் எஞ்சாமல் துடைத்துவிடுங்கள்.

பழைய பெல்ட்டின் பல்லோடு ஒப்பிட்டால் போதாதா என்று கேட்கலாம். நானும் ஒருகாலத்தில் அப்படித்தான் செய்துகொண்டிருந்தேன். பழைய பெல்ட் என்பது உங்களுக்கு முன்னால் ஒருவர் எதைச் சரியென்று நினைத்தார் என்பதற்கு மட்டுமே சாட்சி.

மூன்றாம்கை

இருவருக்கும் நன்றி. மூன்று நாட்களாக இதே வேலையாக இருந்தேன். கண்டதை அப்படியே எழுதுகிறேன்.

இன்ஜின் எண் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்குக் கீழே, துணியை இரண்டு முறை ஊறவைத்த பிறகே வெளிப்பட்டது. எண்ணின் முன்னால் உள்ள எழுத்துகள் பானெட் வில்லையில் இருப்பவற்றோடு ஒத்துப்போகவில்லை. கையேட்டின் அட்டவணையில் தேடியபோது, அது இதே மாதிரிக் காரில் அடுத்த ஆண்டு முதல் பொருத்தப்பட்ட இன்ஜின் என்று தெரிந்தது. ஆக, என் காரில் இன்ஜின் மாற்றப்பட்டிருக்கிறது. அதே கையேட்டின்படி இது வால்வும் பிஸ்டனும் மோதக்கூடிய வகை.

அடுத்து, கண்ணாடியை வைத்துக் கேம் புல்லியின் கீழ்ப்பாதியைப் பார்த்தேன். பள்ளங்கள் உருண்டிருந்தன. களியில் எடுத்த அச்சும் கட்டைவிரல் நுனிபோல் உருண்டே எழுந்தது. ஒரு பள்ளத்தில் சாக்குக்கட்டியால் குறியிட்டு, இன்ஜினைக் கையால் திருப்பியபடி எண்ணினேன். கேம் புல்லியில் 40 பற்கள். கீழ் மூடியையும் கழற்றிய பிறகு எண்ணியதில் கிராங்க் புல்லியில் 20.

இனிதான் என்னைத் திகைக்க வைத்த செய்தி. பெல்ட்டைக் கழற்றிப் பார்த்தால் அதன் பற்கள் தட்டைத் தலை கொண்டவை. அதாவது இத்தனை நாள் உருண்ட பள்ளத்தில் இசட்ஏ பெல்ட் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. இன்ஜினை மாற்றியவரோ அவருக்குப் பின் வந்தவரோ, காரின் பெயரைச் சொல்லி வாங்கி மாட்டியிருக்க வேண்டும். வாங்கிய நாள் முதலாகவே, ஸ்ட்ரோப் விளக்கை வைத்து இக்னிஷன் டைமிங்கை, அதாவது தீப்பொறி விழும் நேரத்தை, பார்க்கும்போதெல்லாம் குறி ஓரிடத்தில் நிற்காமல் முன்னும் பின்னும் அலைந்துகொண்டிருந்தது. சிலிண்டர்களுக்குத் தீப்பொறியைப் பகிர்ந்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் தேய்மானம் என்று நினைத்து அதைக் கழற்றி இரண்டு முறை புஷ் மாற்றினேன். என் இன்ஜினில் டிஸ்ட்ரிபியூட்டர் கேம்ஷாஃப்ட்டின் முனையில்தான் இருக்கிறது. இப்போது யோசித்தால், பள்ளத்துக்குள் பல் ஆடியதுதான் விளக்கில் தெரிந்திருக்கிறது.

ஆகவே 111 இசட்எச் 19 என்று உறுதி செய்துகொண்டேன். வாங்குவதற்கு முன் வேறு எதையாவது கவனிக்க வேண்டுமா?

பதில்: கறைபடிந்த கை

இன்ஜின் மாற்றப்பட்டது என்று தெரிந்துவிட்டதால், பெல்ட்டை மட்டுமன்றி அதை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனரையும் அந்த இன்ஜின் எண்ணைக் கொண்டே வாங்குங்கள். பெல்ட் மாறிய அதே சமயத்தில் டென்ஷனர் உருளையின் அகலமோ ஸ்பிரிங்கின் வலுவோ மாறியிருப்பது உண்டு. பழைய உருளையை விரலால் சுற்றிப் பாருங்கள். மணல் கலந்ததுபோல் கரகரத்தாலும் சரி, கிரீஸே இல்லாததுபோல் தடையின்றி வெகுநேரம் சுற்றிக்கொண்டே இருந்தாலும் சரி, அதன் காலம் முடிந்தது. வாட்டர் பம்ப் இந்தப் பெல்ட்டாலேயே ஓடும் வகையாக இருந்தால் அதையும் மாற்றுவதே அறிவுடைமை. பம்ப் இறுகிப்போனால் புதிய பெல்ட்டும் அதோடு போய்விடும். கேம், கிராங்க் ஆயில் சீல்களையும் இப்போதே மாற்றிவிடுங்கள், ஏனென்றால் ஆயிலில் நனைந்த ரப்பர் உப்பிக் குழைந்துவிடும்.

பழைய காருக்குப் பெல்ட் தேடுபவர்கள் விழும் இன்னொரு குழி, “பிரிக்கப்படாத பழைய சரக்கு”. அசல் பெட்டி, அசல் எண், உள்ளே இருபது ஆண்டு உறங்கிய ரப்பர். பெல்ட் ஓடினால்தான் மூப்படையும் என்றில்லை, கிடந்தாலும் மூப்படையும். உலோகப் பாகங்களுக்கு அந்தப் பெட்டி புதையல்தான், பெல்ட்டுக்கு அன்று. அதே எண்ணில் புதிதாகச் செய்ததை வாங்குங்கள். கடையில் ஆணியில் கொக்கிபோல் தொங்கவிட்ட பெல்ட்டையும், ரப்பர் பட்டை போட்டு இறுக்கி மடித்த பெல்ட்டையும் விட்டுவிடுங்கள். உள்ளே இருப்பது கண்ணாடி இழை. ஒருமுறை கூர்மையாக மடித்தால் அந்த இடத்தில் இழைகள் முறிந்துவிடும், ஆனால் வெளியே ஒரு தடமும் இருக்காது. வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகும் இதே கவனம் வேண்டும். முறுக்க வேண்டாம், உள்புறத்தை வெளியே திருப்பிப் பார்க்க வேண்டாம். புல்லியின்மேல் ஏற மறுத்தால் ஸ்குரூடிரைவரால் நெம்பி ஏற்றவும் வேண்டாம். டென்ஷனரை முழுதும் தளர்த்தினால் கையாலேயே ஏறும்.

குறிகளைப் பொருத்தும்போது ஒரு விஷயத்தில் மிகவும் கவனமாக இருங்கள். கிராங்க்கின் முனையில் வெளியே தெரியும் பெரிய புல்லியில் ஒரு வெட்டுக்குறி இருக்கும். அதை வைத்து முதல் சிலிண்டரின் பிஸ்டன் உச்சிக்கு வரும் நிலையை எடுப்பதுதான் வழக்கம். ஆனால் அந்தப் புல்லி பல இன்ஜின்களில் ஒரே துண்டு அன்று. நடுக்குடத்துக்கும் வெளிவளையத்துக்கும் இடையே ரப்பர் ஒட்டப்பட்டிருக்கும். முப்பது ஆண்டுகளில் அந்த ரப்பர் ஒட்டு விட்டு, வளையம் சில பாகை நழுவியிருக்கலாம். குறியும் வளையத்தோடு நழுவியிருக்கும். ஆகவே பெல்ட் ஓடும் சிறிய பல்புல்லியில் இருக்கும் குறியையும், அதற்கு எதிரே ஆயில் பம்ப் உறையில் இருக்கும் குறியையுமே நம்புங்கள். உங்கள் கிராங்க் புல்லியில் 20 பற்கள் என்கிறீர்கள். ஒரு பல் தவறினால் 18 பாகை தவறும். ஒரு பல் தவறிய இன்ஜின் பெரும்பாலும் ஓடும். இழுக்காது, சூடாகும், பெட்ரோலை விழுங்கும், உரிமையாளரைக் கார்புரேட்டர் பக்கம் திருப்பிவிட்டு அலையவைக்கும்.

பெல்ட் கழன்றிருக்கும் நேரத்தில் கேம்ஷாஃப்ட்டையோ கிராங்க்ஷாஃப்ட்டையோ தனியாகத் திருப்பாதீர்கள். உங்களுடையது மோதும் வகை. கேம் புல்லி தானாக உருண்டுவிடும் என்று பயமாக இருந்தால், முதலில் கிராங்க்கைக் கால் சுற்று பின்னால் கொண்டுபோய் வையுங்கள். வரிசையாக நிற்கும் நான்கு சிலிண்டர் இன்ஜினில் அந்த நிலையில் எந்தப் பிஸ்டனும் உச்சியில் இருக்காது.

இழுவிசைக்கு உங்கள் கையேட்டில் என்ன முறை சொல்லியிருக்கிறதோ அதையே பின்பற்றுங்கள். மிக நீளமான ஓட்டத்தை இரண்டு விரலால் பிடித்துத் திருகினால் 90 பாகை திரும்ப வேண்டும் என்ற பழைய விதி, கையால் இழுத்துக் கட்டும் டென்ஷனர் உள்ள இன்ஜின்களுக்கு உரியது. ஸ்பிரிங் தானே இழுத்துக்கொள்ளும் வகைக்கு அதைப் பொருத்தப் போனால் பெரும்பாலும் அதிகமாக இறுகி, பெல்ட் விசில்போல் ஊளையிடும்.

மூன்றாம்கை

பெல்ட், டென்ஷனர், பம்ப், இரண்டு சீல்கள் எல்லாம் மாட்டியாகிவிட்டது. ஆனால் ஒரு சந்தேகத்தால் மூடிகளை இன்னும் போடவில்லை.

புதிய பெல்ட்டின் முதுகில் இரண்டு வெள்ளைக் கோடுகள் அச்சிடப்பட்டிருக்கின்றன. ஒன்று கேம் புல்லியின் குறிக்கு நேராகவும் மற்றொன்று கிராங்க் புல்லியின் குறிக்கு நேராகவும் வரவேண்டும் என்பது கையேட்டின் சொல். அப்படியே வைத்து, இழுவிசையைச் சரிசெய்து, ஸ்பேனரால் கிராங்க்கை அதன் இயல்பான திசையில் முழுதாக இரண்டு சுற்று திருப்பினேன். புல்லிகளின் குறிகள் இரண்டும் உரிய இடத்தில் துல்லியமாக நிற்கின்றன. பெல்ட்டின் வெள்ளைக் கோடுகள் மட்டும் எங்கேயோ போய்விட்டன. மேலும் இரண்டு சுற்று, மேலும் இரண்டு சுற்று என்று திருப்பிப் பார்த்தும் கோடுகள் திரும்பி வரவில்லை. பெல்ட் வழுக்குகிறதா?

பதில்: பற்சக்கரம்

வழுக்கவில்லை. கிராங்க்கின் இரண்டு சுற்றில் பெல்ட் 40 பற்கள் நகர்கிறது. பெல்ட்டின் முழுச் சுற்றுக்கோ 111 பற்கள் வேண்டும். 20க்கும் 111க்கும் பொது வகுத்தி ஒன்றைத் தவிர வேறில்லை. ஆகவே ஒரு கோடு கிராங்க்கின் குறிக்கு மறுபடி நேராக வர 111 சுற்று ஆகும். ஆனால் 111 ஒற்றைப்படை எண் என்பதால், அப்போது கேம்ஷாஃப்ட் அரைச் சுற்றில் நிற்கும். இரண்டு கோடுகளும் இரண்டு குறிகளும் ஒருசேரப் பொருந்த 222 சுற்று வேண்டும். ஐடிலில் நிமிடத்துக்கு 800 சுற்று என்று வைத்துக்கொண்டால் 17 விநாடிக்கு ஒருமுறை அது தானாக நடக்கும். ஸ்பேனரைப் பிடித்துக்கொண்டு நடத்திக் காட்ட வேண்டியதில்லை. ஒரே பல் ஒரே பள்ளத்தில் மீண்டும் மீண்டும் விழாமல் தேய்மானம் பரவட்டும் என்றுதான் இப்படிப்பட்ட எண்ணிக்கைகளை விரும்புகிறார்கள்.

வெள்ளைக் கோடுகள் மாட்டும்போது மட்டும் உதவுபவை. மாட்டிய பிறகு புல்லிக் குறிகளை மட்டும் பாருங்கள். அவை பொருந்துகின்றன என்றால் மூடியைப் போடலாம். ஆறு சுற்று திருப்பியும் எங்கும் தடை தட்டவில்லை என்பதே வால்வுகள் மோதவில்லை என்பதற்கும் சாட்சி.

மூன்றாம்கை

மூடிகளைப் போட்டு இன்ஜினை ஓட்டிப் பார்த்தேன். ஸ்ட்ரோப் விளக்கில் குறி ஆணி அடித்ததுபோல் நிற்கிறது. வாங்கிய நாள் முதல் முன்பக்கத்திலிருந்து வந்துகொண்டிருந்த மெல்லிய சலசலப்பும் இல்லை. அது அந்த வகை இன்ஜினின் இயல்பு என்று எனக்குச் சொல்லப்பட்டிருந்தது.

தூக்கி எறியப்போகும் பெல்ட்தானே என்று பழையதை எடுத்து, பற்கள் வெளியே இருக்கும்படி பின்பக்கமாக வளைத்துப் பார்த்தேன். முதுகு இப்போதும் வழவழப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் ஏழு பற்களின் வேரில், எல்லாம் ஒரே பக்கத்தில், தலைமுடி அளவுக்குக் கிழிசல். அவற்றில் ஒரு பல்லை நகத்தால் தள்ளியபோது கதவு திறப்பதுபோல் சாய்ந்துவிட்டது.